ஜீப் போன பிறகு வளர்ந்த பையன்கள்

அரசாங்கம் ஒரு வேலையை நிறுத்த முடிவெடுத்தால் முதலில் ஜீப்பைத்தான் எடுத்துக்கொண்டு போகும். ஆட்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆட்களுக்குப் பெற்றோல் தேவையில்லை. கண்டுகொள்ளாமல் விட்டால் தாங்களாகவே வீட்டுக்குப் போய்விடுவார்கள். இது எனக்கு விளங்கியபோது வயது இருபத்துநாலு. அந்த ஜீப்போடு சேர்த்து வேறு என்னென்ன போயிற்று என்பது விளங்க இன்னும் பல மாதங்கள் பிடித்தன. விளங்கிய இடம் பள்ளிவாசல்துறையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். அப்போது சுற்றிலும் ஊரே உட்கார்ந்திருந்தது.

யுத்த காலம். சண்டை நடந்தது வடக்கிலும் கிழக்கிலும். அதன் செலவு மட்டும் எல்லா ஊருக்கும் வந்து சேர்ந்தது. புத்தளத்தில் எங்களுக்குக் குண்டுச் சத்தம் கேட்கவில்லை. பாலாவிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டிவிட்டு மறுபடி ஏற வேண்டும். வெறும் காணியாகக் கிடந்த இடமெல்லாம் அகதி முகாம்கள் முளைத்திருந்தன. எந்த ஒபிஸுக்குப் போய் என்ன கேட்டாலும் “இப்ப நிலைமை சரியில்ல” என்ற ஒரே பதில்தான் கிடைக்கும்.

நான் அப்போது ஒரு சுகாதார ஆய்வில் உதவியாளராக இருந்தேன். (‘ஆராய்ச்சி உதவியாளர்’ என்று முழுதாகச் சொல்லாவிட்டால் எனக்கு முகம் கறுத்துவிடும். பல்கலைக்கழகப் பட்டம், தடித்த கண்ணாடி, எதைக் கேட்டாலும் “அது அப்படியில்ல” என்று தொடங்கும் வாய், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அன்றைய நான்.) கற்பிட்டிக் கரையோரம் படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகும் பதின்ம வயதுப் பையன்கள் எப்படி வளர்கிறார்கள், அவர்களுக்கு ஏன் இரத்தம் குறைவாக இருக்கிறது, பீடி எப்போது தொடங்குகிறார்கள் என்று பார்ப்பதே ஆய்வு. மாதம் ஒருமுறை பள்ளிவாசல்துறைக்கு ஜீப்பில் போவோம். பையன்களின் உயரம், நிறை எல்லாம் எடுப்போம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்போம். இருமல் இருக்கிறதா, பீடி உண்டா என்று கேட்போம். பிறகு ஆளுக்கு இரும்புச்சத்துக் குளிசையும், தேங்காய்ப்பூ போட்ட அவித்த பயறு ஒரு கோப்பையும் கொடுப்போம்.

ஆய்வை நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த டொக்டர் ஒருவர். ஒல்லியான மனிதர், சிரிக்கும்போதுகூடக் கவலையாகத்தான் சிரிப்பார். அவருடைய கனவு ஒன்றே ஒன்று. குளிசையும் பயறும் கொடுத்தால் பையன்கள் தேறுகிறார்கள் என்று எண்களில் காட்டிவிட்டால், மேலிடம் அதைக் கரையோரம் முழுவதற்கும் நிரந்தரமாக்கும். காட்டாவிட்டால் அதோடு கதை முடிந்தது.

அந்தக் குளிசை யாருக்குத் தேவை என்று கேட்டால் நான் ஸிராஜைத்தான் காட்டுவேன். பதினேழு வயது. வாயைத் திறந்து பேசமாட்டான். முதல் தடவை அவன் இமையை இழுத்துப் பார்த்தபோது உள்ளே பழைய மீனின் செவுள் மாதிரி வெளிறிக் கிடந்தது. வலை இழுக்கும்போது தலைசுற்றி மணலில் உட்கார்ந்துவிடுவானாம். அவன் உம்மா ரஹ்மத்தும்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மிஸ், இவனுக்கு ஏதாவது பண்ணுங்க, மூத்தவனும் இப்பிடித்தான் சோந்து போய்க் கிடந்தான்” என்று அழுதார். சில மாதங்கள் குளிசை போட்டதும் அந்தச் செவுளில் கொஞ்சம் சிவப்பு ஏறியது. அன்று டொக்டர் கவலையில்லாமல் சிரித்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. ‘நிலைமை சீராகும்வரை நிதி தற்காலிகமாக இடைநிறுத்தப்படுகிறது.’ மறுநாள் காலையிலேயே ஒரு சாரதி வந்து ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். பின்னால் நிறுவை மெஷினும், உயரம் அளக்கும் கம்பமும், குளிசைப் பெட்டியும் இருந்தன. “அண்ணே, அதையாவது இறக்கிட்டுப் போங்க” என்று கேட்டேன். “ஜீப்ப மட்டும் கொண்டு வா எண்டாங்க, உள்ளுக்க இரிக்கிறதப் பத்தி ஒண்டும் சொல்லல்ல. அதனால உள்ளுக்கயே இரிக்கட்டும்” என்றார் அவர். இதைவிட ஒழுங்கான அரச ஊழியரை நான் பார்த்ததில்லை.

டொக்டர் கொழும்பிலிருந்து சந்திக் கடைக்குப் போன் எடுத்தார். “பையன்கள விட்டிராதீங்க. காசு நிக்கலாம், அவங்க வளர்றது நிக்காது. இந்த வயசில ஒரு வருஷம் பார்க்காம விட்டா, அந்த வருஷம் போனது போனதுதான். திரும்பி வந்து அளக்க ஏலாது. போய்ச் சும்மா விசாரிச்சாவது வையுங்க.” எனக்குப் புல்லரித்துவிட்டது. இலங்கையின் பொதுச் சுகாதாரம் என் தோளில் ஏறி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

சம்பளம் இல்லை என்று தெரிந்ததும் வாப்பா பெருமூச்சு விட்டார். உப்பளத்தில் மேற்பார்வை வேலை அவருக்கு. “பஸ் காசு நான் தாறன்” என்றார். (ஆகவே அந்த ஆண்டு நாட்டின் இளைஞர் சுகாதார ஆய்வுக்கு நிதி வழங்கிய ஒரே நிறுவனம் என் வாப்பா.) ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ஜீப்பும் சாரதியும் இல்லாமல் குமர்ப் பிள்ளை தனியாக ஊர் ஊராகத் திரியக் கூடாது. உம்மாவும் கூடப் போக வேண்டும்.

உம்மா இதற்காகவே காத்திருந்ததுபோல் எழும்பினார். அலுமாரியைத் திறந்து நல்ல சேலை ஒன்றை எடுத்தார். எனக்கும் ஒன்றை எடுத்துப் போட்டார். கறுப்புக் குடை, கைப்பை எல்லாம் தயார். பிறகு குசினிக்குள் போய், தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதலை வாழையிலையில் கட்டிப் பார்சல் பார்சலாக அடுக்கினார்.

“தொதல் எதுக்கு உம்மா? நாம ஆய்வுக்குப் போறம்.”

“ஆய்வுக்குப் போனாலும் ஊட்டுக்குத்தானே போறம். வெறுங்கையோட போவாங்களா?” என்றார் உம்மா.

நிறுவை மெஷினுக்குப் பதிலாகத் தொதலும், உயரக் கம்பத்துக்குப் பதிலாக உம்மாவின் தையல் நாடாவும் எங்களிடம் இருந்தன. பாலாவியில் பையைச் சோதித்த சிப்பாய் நாடாவை இழுத்து இழுத்துப் பார்த்தான். என்ன சந்தேகப்பட்டானோ தெரியாது. உம்மா ஒரு பார்சலை அவன் கையில் வைத்தார். அதன் பிறகு எந்தப் பயணத்திலும் அவன் எங்கள் பையைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டினான்.

பள்ளிவாசல்துறையில் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு நான் அசந்துபோனேன். ஜீப்பில் போன காலத்தில் வாசலில் நின்றபடி பால் இல்லாத ஒரு பிளேன்ரீ தருவார்கள். அதிலும் சீனி இருந்தால் அதிர்ஷ்டம். இப்போது உள்ளே கூப்பிட்டார்கள். கதிரைக்கு வெள்ளைத் துணி விரித்தார்கள். பால் தேத்தண்ணி, பிஸ்கட், கதலி வாழைப்பழம் என்று வந்தது. ஒரு வீட்டில் கோழி பிடிக்க ஓடினார்கள். நான் உம்மாவின் காதில் மெல்லச் சொன்னேன்: “பாத்தீங்களா? சனங்களுக்கு விஞ்ஞானத்தில எவ்வளவு மரியாதை வந்திருக்கு!”

உம்மா வாழைப்பழத்தை உரித்தபடி, “ஓம் மகள், விஞ்ஞானம்தான்” என்றார்.

நாங்கள் போகும் நேரத்தில் பாதிப் பையன்கள் கடலில் இருப்பார்கள், மீதிப் பையன்கள் தூக்கத்தில் இருப்பார்கள். அதனால் பதில் சொன்னவர்கள் தாய்மார்கள். நான் கேட்பேன். பிறகு உம்மா தன் பங்குக்குக் கேட்பார். “சொந்த வள்ளமா? ஊடு யார் பேர்ல? பொம்பளப் புள்ளைகள் எத்தன?” எனக்கு ஒரே மகிழ்ச்சி. குடும்பத்தின் பொருளாதாரப் பின்னணியைக் கேட்க நான் வழக்கமாகத் திண்டாடுவேன். உம்மா எந்தப் பயிற்சியும் இல்லாமல் இவ்வளவு இலகுவாகக் கேட்கிறாரே!

பதில்களோ தேனாக இருந்தன. முன்பெல்லாம் நூறும்மா என்ற தாய், என்னைக் கண்டாலே, “மிஸ், என்ட மகன் கலீலுக்குப் பீடியை விடச் சொல்லுங்க, ஊடெல்லாம் புகை” என்று முறையிடுவார். இப்போது அதே நூறும்மா காதைப் பொத்திக்கொண்டார்.

“பீடியா? அஸ்தஃபிருல்லாஹ்! பீடிக் கடை எந்தப் பக்கம் எண்டும் அவனுக்குத் தெரியாது.”

“இருமல்?”

“அவன் இருமி நான் பார்த்ததே இல்ல.”

“சாப்பாடு?”

“காலையில ரெண்டு முட்டை, பகலுக்கு ஈரல், ராவைக்குப் பால். எவ்வளவுதான் குடுத்தாலும் மறுக்க மாட்டான். ஆனா செலவாளி இல்ல.”

‘செலவாளி இல்லை’ என்பதை எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது என்று அன்று நான் வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் மனநலத்தில் சேர்த்தேன்.

வீட்டில் இருந்த பையன்களைச் சுவரோடு நிறுத்தி நாடாவால் அளந்தேன். எல்லாரும் தலை வாரி, முகத்துக்குப் பவுடர் பூசி, புதுச் சாரம் உடுத்தி வந்து நின்றார்கள். தனிநபர் சுத்தம் மேம்பட்டுள்ளது என்று எடுத்துக்கொண்டேன். உயரமோ சொல்லி வேலையில்லை. ஒவ்வொரு மாதமும் எல்லாரும் வளர்ந்துகொண்டே போனார்கள். தேக்கங்கன்றுகூட அப்படி வளராது. ஸிராஜும் வளர்ந்தான். அவன் முகத்தில் மற்றவர்களைவிடப் பவுடர் கூடவாக இருந்தது. இமையை இழுத்துப் பார்க்கக் கையைக் கொண்டுபோனேன். ரஹ்மத்தும்மா பாய்ந்து வந்து இடையில் நின்றார்.

“கண்ணெல்லாம் நல்லாத்தான் இரிக்கி மகள். கோழிச் சாறு குடிச்சு இப்ப சிங்கம் மாதிரி. நீங்க தேத்தண்ணியக் குடிங்க, ஆறப் போகுது.”

“தலைச்சுத்து?”

“எங்கட பரம்பரையிலயே தலைச்சுத்து இல்ல” என்றார் போன வருடம் என் கையைப் பிடித்து அழுத அதே ரஹ்மத்தும்மா.

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சந்தேகம் என்று ஒன்று வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை. நான் போய் விசாரிப்பதாலேயே பையன்கள் தேறிவிட்டார்கள் என்று ஒரு கொள்கையைக்கூட மனதுக்குள் உருவாக்கி வைத்திருந்தேன். அதற்கு என் பெயரையே வைக்கலாமா என்றும் யோசித்தேன். என் மண்டையை என்ன சொல்ல!

எல்லாவற்றையும் சேர்த்து டொக்டருக்கு அனுப்பினேன். அவரும் மேலிடம் கேட்டதற்கு அப்படியே கொடுத்துவிட்டார். சில வாரங்களில் மறுபடி சந்திக் கடைக்குப் போன் வந்தது. நிதியைத் திரும்பத் தருவதா, ஒரேயடியாக நிறுத்துவதா என்று முடிவெடுக்கக் கொழும்பிலிருந்து மாத்தயா ஒருவர், பெரிய அதிகாரி, வருகிறார். பையன்களைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். “தாய்மாரையும் வரச் சொல்லுங்க” என்றார் டொக்டர். குரல் ஒருமாதிரி இருந்தது. “உங்கட எண்கள் நல்லா இருக்கு. கொஞ்சம் கூடவே நல்லா இருக்கு.”

நான் வீடு வீடாகப் போய், “பெரிய ஆள் ஒருத்தர் வாறார், பையன்களப் பார்த்து முடிவு சொல்லுவார்” என்று அறிவித்தேன். இதைவிடத் தெளிவாக நான் குழப்பியிருக்க முடியாது.

அந்த நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளிக்கூட மண்டபத்துக்குள் போனபோது எனக்குக் கண்ணைக் கட்டியது. தாய்மார்கள் எல்லாம் பெருநாள் உடுப்பில் இருந்தார்கள். மாமாமார், சாச்சாமார் என்று ஆண்களும் தொப்பியோடு வந்திருந்தார்கள். பையன்கள் நீளக் கை சேட்டின் கழுத்துப் பொத்தானைப் போட்டு, சாரம் நிலத்தைக் கூட்ட, சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். அத்தர் வாசம் மூக்கை அடைத்தது. முன் வரிசைக் கதிரையில் உம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருபக்கமும் தட்டுத் தட்டாகப் பலகாரம்.

மாத்தயா ஜீப்பில் வந்து இறங்கினார். எங்கள் ஜீப்தான்! பின்னால் மெஷினும் கம்பமும் போன வருடம் வைத்த இடத்திலேயே இருந்தன. அவர் நல்ல குண்டான, சாந்தமான மனிதர். பையன்களை ஒரு சுற்றுப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு சிங்களத்தில் பேசினார். டொக்டர் தமிழில் சொன்னார்.

“அரசாங்கம் காசு தந்த காலத்தில் இந்தப் பையன்கள் மெலிந்திருந்தார்கள், இருமினார்கள், பீடி குடித்தார்கள். காசு நின்ற நாளிலிருந்து வளர்ந்திருக்கிறார்கள், இருமலை விட்டிருக்கிறார்கள், பால் குடிக்கிறார்கள். இதெல்லாம் உங்கள் மிஸ் தந்த விபரம்தான். அப்படியென்றால் இந்த ஆய்வு எங்களுக்குத் தரும் பாடம் என்ன? காசை நிறுத்துவதுதான் இவர்களுக்கு நல்லது.”

இதை மொழிபெயர்க்கும்போது டொக்டரின் குரல் தேய்ந்துகொண்டே போனது. எண்கள் என்னுடையவை. வருடக்கணக்காக அந்த மனிதர் கட்டியதை நான் தொதலும் நாடாவுமாகப் போய் இடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. எப்படி இடித்தேன் என்பது தெரியவில்லை.

அதைத் தெரிவிக்க நூறும்மா எழும்பினார்.

“இந்தக் கதையெல்லாம் எங்களுக்கு எதுக்கு? முடிவச் சொல்லுங்க.”

“என்ன முடிவு?” என்றேன்.

“எந்தப் புள்ளைய எடுக்கிறீங்க எண்டு! எத்தன மாசமா வந்து பார்க்கிறீங்க? ஒங்கட உம்மா என்ட ஊட்டுல ரெண்டு பார்சல் தொதல் வெச்சாங்க. மத்த ஊட்டுல ஒண்டுதான். அப்ப அதுக்கு என்ன அர்த்தம்?”

ரஹ்மத்தும்மா பாய்ந்து எழும்பினார். “என்ட மகனத்தான் ரெண்டு தரம் அளந்தாங்க! ஒங்கட மகன ஒரு தரம்தானே அளந்தாங்க!”

“அளவு பிழைச்சதால திரும்ப அளந்திருப்பாங்க!”

“பொண்ணுக்கு ஊடு குடுக்கிறீங்களா, காணி குடுக்கிறீங்களா, அதச் சொல்லுங்க முதல்ல!” என்றார் பின்வரிசையில் ஒரு சாச்சா.

எனக்குக் காது அடைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். வயதான பெண் ஒருவர், கூடவே படித்த குமர் ஒன்று, நல்ல சேலை, கையில் பலகாரம், பையனுக்கு என்ன வயது, என்ன உயரம், ஏதாவது கெட்ட பழக்கம் உண்டா, உடம்பில் குறை உண்டா என்று கேள்வி. எங்கள் வீட்டுச் சின்னக் குமர் ஒன்றுக்கு மாப்பிள்ளை தேடுகிறோம் என்றல்லாமல் இதை வேறு என்னவென்று நினைப்பார்கள்? ஜீப் இருந்தவரைக்கும் நான் அரசாங்கம். ஜீப் போன அன்றே நான் பெண் வீடு ஆகிவிட்டேன். அரசாங்கத்துக்கு நோயைச் சொல்லலாம். பெண் வீட்டுக்கு எந்தத் தாயாவது சொல்வாளா? திரும்பி உம்மாவைப் பார்த்தேன். உம்மா மண்டபத்துக் கூரையை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்கிறார்கள்?” என்று மாத்தயா கேட்டார். “கலியாணம்…” என்று டொக்டர் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து வரிசையில் நின்ற ஸிராஜ் சுவரோடு சரிந்து கீழே உட்கார்ந்தான்.

“வெக்கம்! அவனுக்கு வெக்கம்!” என்று கத்தினார் ரஹ்மத்தும்மா. “கலியாணக் கதை எண்டதும் வெக்கப்படுறான்! வேற ஒண்டுமில்ல!”

ஓடிப்போய் அவன் பக்கத்தில் குந்தினேன். சேலைத் தலைப்பால் பவுடரைத் துடைத்தேன். இமையை இழுத்தேன். அதே வெளிறல், முன்பைவிட மோசம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் வந்த அழுகை இல்லை அது. எத்தனை மாதம் இவன் வீட்டில் பால் தேத்தண்ணி குடித்திருக்கிறேன்! ரஹ்மத்தும்மாவை நிமிர்ந்து பார்த்தேன். “மாமி, நான் பொண்ணு ஊடு இல்ல. அல்லாஹ்வுக்காக உண்மையச் சொல்லுங்க. எப்ப இருந்து?”

அவர் முகம் உடைந்துபோனது. “குளிசை நிண்டதில இருந்து மகள்,” என்றார். “நேத்தும் வள்ளத்துல விழுந்தான். நோயாளி எண்டு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பாங்க எண்டுதான்…”

நான் எழும்பி நின்றேன். என்னிடம் இருந்த சிங்களம் முழுவதையும் திரட்டி மாத்தயாவைப் பார்த்துச் சொன்னேன்: “ஐயா, நான் தந்தது எல்லாம் பொய். நான் ஆய்வுக்குப் போகவில்லை. தெரியாமல் மாப்பிள்ளை பார்க்கப் போயிருக்கிறேன்.” சிங்களம் விளங்கியவர்கள் விளங்காதவர்களுக்குச் சொன்னார்கள். பிறகு ஒரு சிரிப்பு எழும்பியது பாருங்கள், வெளியே கருவாட்டுக்குக் காத்திருந்த காகங்கள் அத்தனையும் பறந்தன. பட்டம், கண்ணாடி, கொள்கை எல்லாம் அந்தச் சிரிப்போடு போயின.

டொக்டர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. ஸிராஜைத் தூக்கிக் கொண்டுபோய் ஜீப்பின் பின் சீட்டில் படுக்கவைத்துப் பார்த்தார். வரும்போது உயரக் கம்பத்தையும் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்தார். “எல்லாரும் வரிசையா வாங்க” என்றார். முதலில் கலீல் வந்து கம்பத்தடியில் நின்றான். டொக்டர் குனிந்து அவன் சாரத்தின் விளிம்பைக் கணுக்கால் வரைக்கும் உயர்த்தினார். உள்ளே கலீல் நுனிவிரலில் நின்றுகொண்டிருந்தான்.

“தம்பி, குதியைத் தரையில வை” என்றார் டொக்டர்.

கலீல் குதியைத் தரையில் வைத்தான். ஒரு வருட வளர்ச்சி அந்த இடத்திலேயே காணாமல் போனது. அடுத்தவன் வந்தான். “குதியைத் தரையில வை.” அவனும் இறங்கினான். ஒருவன் விடாமல் அத்தனை பேரும் நுனிவிரல்தான். நூறும்மா முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டார். கலீலின் சேட்டுப் பையிலிருந்து பீடிக்கட்டு ஒன்று விழுந்தது. அதைக் கண்டதும் மாத்தயாவால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணீரைத் துடைத்தார், மறுபடி சிரித்தார்.

மெஷின் சொன்னதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. பாதிப் பையன்கள் போன வருடத்தைவிட நிறை குறைந்திருந்தார்கள். மாத்தயா தானே குனிந்து ஊசியைப் பார்த்தார். திரும்பிப் போகும்போது ஸிராஜை அதே ஜீப்பில் புத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரஹ்மத்தும்மா பெருநாள் உடுப்போடு பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார். அவன் பிறகு தேறினான்.

நிதி சில மாதங்களில் திரும்ப வந்தது. குளிசைக்கு வந்தது, பயறுக்கு வரவில்லை. அந்த ஒரு வருடம் ஆய்வில் இன்றுவரை வெறுமையாகத்தான் இருக்கிறது. “இந்தப் பிள்ளைகள் அந்த வருஷம் உண்மையில எவ்வளவு வளர்ந்தாங்க எண்டது இனி ஒருத்தருக்கும் தெரிய வராது” என்று டொக்டர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் உம்மாவோடு கதைக்கவில்லை. பாலாவி தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டேன். “உங்களுக்கு எப்ப தெரியும்?”

“முதல் ஊட்டுலயே தெரியும்.”

“ஏன் சொல்லல்ல?”

“நீ எங்க கேட்டாய்? விஞ்ஞானம் எண்டாய், நானும் ஓம் எண்டன்” என்றார் உம்மா. பிறகு, “அந்தப் பொடியனுக்கு உடம்பு ஏலாது எண்டு எனக்குத் தெரியா மகள். சத்தியமாத் தெரியா. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பன்” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? அந்த விபரத்தை எடுத்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தானே.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் யாரையும் பொய் சொல்கிறாய் என்று சொல்வதில்லை. என் கணவர் தான் பிடித்த மீனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டினால், பிள்ளைகள் ஒரே குரலில், “வாப்பா, குதியத் தரையில வைங்க” என்பார்கள். சின்னவன் கணக்குப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவது என்று சொன்னாலும் அதுதான். மருமக்கள் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர்களுக்கும் இது பாடமாகிவிடும்.

உம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, காது மட்டும் நல்ல கூர்மை. செய்தி நேரத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். போன மாதம் பெரிய ஆள் ஒருவர் தோன்றி, செலவைக் குறைத்த பிறகும் நாட்டின் பிள்ளைகள் முன்னெப்போதும் இல்லாத ஆரோக்கியத்தோடு வளர்ந்து வருகிறார்கள் என்று அறிவித்தார். நாங்கள் எல்லாரும் உம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். உம்மா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

“ஆருடி அது? சாரத்தை உயர்த்திப் பாருங்கடி” என்றார்.